மிதி, விடு

"பட்டமளிப்பு விழாவுக்கு நான் வரலைடி. அப்பாவைக் கூட்டிட்டுப் போ" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இவள் வராமல் எனக்கு எதற்குப் பட்டம்? குடைந்து குடைந்து கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. தும்மினால் சொட்டுகிறதாம், சிரித்தாலும் சொட்டுகிறதாம். மூன்று மணி நேரம் நாலு பேர் நடுவில் எப்படி உட்காருவாள்?

அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல்காரி. நாற்பது பெண்களுக்குக் கழிப்பறை டோக்கன் ஒன்றே ஒன்று. அதுவும் மேற்பார்வையாளர் கையில். "இப்பதானே போன?" என்று அந்த ஆள் கேட்பானே என்று இருபது வருடம் அடக்கினாள். பெண்ணுக்கு அடக்கம் வேண்டும் என்கிறவர்கள் ஒரு நாள் அந்த மிஷின் முன்னால் உட்கார்ந்து அடக்கிப் பார்க்கட்டும்.

பிசியோதெரபிஸ்ட் அக்காவிடம் இழுத்துப்போனேன்.

"சிறுநீரை அடக்குற மாதிரி உள்ளே இழுத்துப் பிடிங்கம்மா. அஞ்சு எண்ணிட்டு விடுங்க."

அம்மா பிடித்தாள். ஐந்து போயிற்று, பத்தும் போயிற்று. கன்னம் உப்பி, விழி பிதுங்கி, சிலையாக இருந்தாள்.

"அம்மா, விடுங்க!"

"விடறதா? யாரு பர்மிஷன் குடுத்தா?"

அக்கா சிரித்துவிட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"பிடிச்சுக்கிட்டே இருந்தா தசை களைச்சுப் போயிடும்மா. விடவும் தெரியணும். மூச்சையும் அடக்காதீங்க. மூணு மாசம் தினமும் செய்ங்க."

வீட்டுக்கு வந்ததும் அம்மா தன் பாஷையில் மாற்றிக்கொண்டாள். தையல் மிஷின் பெடல்தான். "மிதி... விடு." காய் நறுக்கும்போதும் மிதி, விடு.

ஒரு நாள் சாப்பாட்டில் அவள் "மிதி" என்றதும் எதிரே அப்பாவின் முகம் இறுகியது. அப்பா வேன் ஓட்டுநர். அரை மணிக்கொரு தரம் ஒதுங்குவார். கேட்டால் "வண்டிச் சூடு" என்பார்.

"என்னப்பா, நீங்களுமா?"

"நான் கிளட்ச்சைப் பத்தி யோசிச்சிட்டிருக்கேன். நீ சாப்பிடு."

"உங்க கிளட்ச்சும் அங்கதான் இருக்கோ?" என்றாள் அம்மா.

மறுநாளே அவரையும் டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனேன். ஆம்பளைக்கும் அதே இடத்தில் அதே தசைதான். வாயைத் திறக்கத்தான் வெட்கம்.

மூன்று மாதம் கழித்து நடந்த விழாவுக்கு இருவரும் வந்தார்கள். பாதியில் அம்மா எழுந்தாள். கதவருகே செக்யூரிட்டி மறித்தார்.

"முடியற வரைக்கும் யாரும் வெளியே போகக்கூடாதும்மா."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அங்கியைத் தூக்கிக்கொண்டு எழுவதற்குள் அம்மாவின் குரல் மைக் இல்லாமலே அரங்கில் கேட்டது.

"அண்ணே, இருபது வருஷம் டோக்கன் கேட்டவ நான். இப்போ கேக்கலை, சொல்றேன். தள்ளுங்க."

தள்ளினார்.

என் பெயரைக் கூப்பிடும் நேரத்துக்குத் திரும்பிவிட்டாள். நான் அங்கி தடுக்கி மேடைப் படியில் தடுமாறினேன். அரங்கிலேயே பெரிய சிரிப்பு அவளுடையது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மேடையிலிருந்தே கண்ணால் கேட்டேன். ஒன்றும் இல்லை என்று கையை ஆட்டினாள்.

பக்கத்தில் அப்பா முகம் இறுகி உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் விலாவில் ஓர் இடி இடித்தாள். உதட்டசைவிலேயே புரிந்தது: "விடுங்க!"

விட்டார். அவர் அழுதது மேடைவரை கேட்டது.