கும்மியில் ஒரு தட்டு

ஒளிப்பெட்டியில் மாட்டப்பட்டிருந்த எக்ஸ்ரே படத்தில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. முழங்கால் சில்லு தனக்குரிய பள்ளத்தின் நடுவே, பந்தியில் இடம் பிடித்துவிட்ட மனிதரைப் போல நிம்மதியாக அமர்ந்திருந்தது. எலும்பு மருத்துவர் மோகனப்பிரியா அந்தப் படத்தையும், வேறு மருத்துவமனைகளில் எடுக்கப்பட்டு ஒரு தடித்த உறைக்குள் வந்திருந்த பழைய படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லாப் படங்களும் ஒரே சாட்சியத்தையே சொல்லின. பரிசோதனைக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த பதினாறு வயதுக் கனிஷ்கா, படங்களின் பக்கம் திரும்ப விருப்பமின்றி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய தந்தை தனபால் காங்கேயத்துக்கு அருகே தேங்காய்க் களம் வைத்திருப்பவர். உடைத்த தேங்காயை வெயிலில் உலர்த்திப் பருப்பாக்கி எண்ணெய் ஆலைகளுக்கு அனுப்புவது அவருடைய தொழில். கோயம்புத்தூருக்கு வருவதென்பதால் வெள்ளைச் சட்டை அணிந்து, நாற்காலியின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்திருந்தார். சிறு வயதிலிருந்தே மகள் சில்லு நழுவுகிறது என்று சொல்லி வருவதையும், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையில் முழங்காலின் உள்பக்கத்தில் புதிய நார் வைத்துத் தைத்ததையும், தையல் ஆறிய சில மாதங்களிலேயே அவள் மறுபடியும் அதையே சொல்லத் தொடங்கியதையும் அவர் வரிசையாக எடுத்துரைத்தார். கடைசியாகப் போன இடத்தில் மன நல மருத்துவரைப் பார்க்கச் சொல்லிவிட்டார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய குரல் இறங்கியது.

"படத்துல எல்லாஞ் செரியாத்தானுங்க இருக்குது. புள்ள இல்லீங்குது. நா யார நம்பறதுங்க?"

"படம் எடுக்கறப்பெல்லாம் அது நல்ல புள்ளையாட்ட இருந்துக்குதுங்க," என்றாள் கனிஷ்கா, மின்விசிறியிடம்.

மோகனப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றும்விட்டது. எப்போது அது கெட்ட பிள்ளையாக மாறுகிறது என்று அவர் கேட்டார். குத்துக்கால் வைத்து உட்காரும்போது, பேருந்துப் படி ஏறும்போது, எல்லாவற்றையும்விட வள்ளிக்கும்மியில் குனியும்போது என்றாள் அவள். கும்மி என்ற சொல்லைக் கேட்டதும் தந்தையின் முகம் மலர்ந்தது. ஊரில் கும்மிக் குழு அமைந்ததிலிருந்து முன்வரிசையில் ஆடுபவள் தம் மகள்தான் என்று கூறி, கேட்பதற்கு முன்பே கைப்பேசியை எடுத்துக் காணொளியை ஓடவிட்டார்.

கோயில் மைதானத்தில் ஒரே நிறப் புடவை உடுத்திய பெண்கள் பெரிய வட்டமாகச் சுற்றி வந்தனர். குனிந்தார்கள்; நிமிரும்போது வலது முழங்காலின் வெளிப்பக்கத்தை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார்கள்; அதே வீச்சில் கை உயர்ந்து கும்மி கொட்டியது. மோகனப்பிரியா தொண்டாமுத்தூரில் பிறந்து வளர்ந்தவர். பல ஊர்க் கும்மிகளைப் பார்த்திருக்கிறார். இந்தத் தட்டை மட்டும் எங்கும் பார்த்ததில்லை.

"இந்தத் தட்டு எந்த ஊர்க் கும்மில வருதுங்க?"

"அது நம்ம புள்ள கொண்டாந்ததுங்க," என்றார் தனபால். "அவ தட்டறது பாக்க நல்லாருக்குதுன்னு கும்மி சொல்லிக்குடுக்கற ராமாமணி டீச்சர் எல்லாத்தையும் தட்டச் சொல்லிப்போட்டாங்க. இப்பப் பக்கத்தூருக்காரங்களும் தட்டறாங்க."

மோகனப்பிரியா கட்டிலின் அருகே சென்றார்.

"அம்மணி, நீ எதுக்குத் தட்டுன?"

கனிஷ்கா முதன்முறையாக மின்விசிறியிலிருந்து பார்வையை இறக்கினாள்.

"உள்ள தள்ளறதுக்குங்க."

ஒரு வட்டம் முழுவதும் அழகுக்காகத் தட்டிக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் விலகிய சில்லைப் பாட்டுத் தவறாமல் இடத்தில் சேர்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவர் அவளுடைய கால்சட்டையைத் தொடை வரை சுருட்டச் சொன்னார். தந்தை வழக்கப்படி எழுந்து வெளியே போக முற்பட்டார். வயதுக்கு வந்த பெண்ணின் காலைத் தகப்பன் பார்ப்பதில்லை என்ற மரியாதையினால், அவர் இத்தனை ஆண்டுகளில் அந்த முழங்காலை ஒருமுறைகூடக் கண்டதில்லை. மருத்துவர் அவரை நிறுத்தினார்.

நீட்டிய காலில், படங்களில் கண்டதுபோலவே, சில்லு நடுவில் இருந்தது. முழங்காலை மெல்ல மடக்கியபோது, அது தோலின் அடியில் ஓர் எலியைப் போல நகர்ந்து வெளிப்பக்கத்துக்கு ஓடிற்று. நீட்டியதும் திரும்பி வந்தது. இம்முறை சில்லைக் கட்டைவிரலால் நடுவிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு மடக்கினார். கால் சற்றே மடங்கி, பூட்டியதுபோல் நின்றுவிட்டது. விரலை எடுத்தார், சில்லு ஓடியது, கால் முழுவதுமாக மடங்கியது.

தனபால் நெடுநேரம் அந்த இடத்தையே பார்த்தார். பிறகு மகளின் தலைமாட்டில் போய் நின்றுகொண்டார்.

"கயிறு கட்டையா இருந்தா மாடு நேராவா நிக்குமுங்க, கயித்துப் பக்கந்தான் சாயும்," என்றார் மோகனப்பிரியா. "இவ தொடைத் தசை கட்டை. மடக்கறப்ப நீளம் பத்தாம, குறுக்கு வழியில சில்ல வெளிய இழுத்துப்போடுது. போன தடவ உள்பக்கம் கட்டுனாங்க. இழுக்கற கயித்த யாரும் தளத்தலீங்க."

தசையை நீட்டுவதில் உள்ள அபாயத்தையும் அவர் மறைக்கவில்லை. குறைவாக நீட்டினால் சில்லு மறுபடி ஓடும். அளவு கடந்தால் காலை நேராகத் தூக்கும் வலிமையே போய்விடும். ஏற்கெனவே ஒருமுறை அறுத்த கால் என்பதால் மூன்றாவது வாய்ப்பு இருக்காது.

"நடக்கறதுக்கு நாங் கேக்கலீங்க," என்றாள் கனிஷ்கா. "தையில எங்க கோயில்ல கும்மி. ஆடலாமுங்களா?"

"ஆப்பரேசன் தியேட்டர்ல மடக்கிப் பாத்துட்டுத்தான் கண்ணு சொல்லுவேன்."

சித்திரையில், பள்ளித் தேர்வு முடிந்தபின், அறுவை சிகிச்சை நடந்தது. முதலில் வெளிப்பக்கத்தில் இறுகிக் கிடந்த பட்டைகளை மோகனப்பிரியா விடுவித்தார். மடக்கிப் பார்த்தார், சில்லு பாதி வழி வரை நடுவில் நின்று, பிறகு பழைய பாதையில் சறுக்கியது. மயக்க மருந்து கொடுத்துக்கொண்டிருந்த மருத்துவர் தல்ஹா எட்டிப் பார்த்து, சில்லு பெரிய பிடிவாதமாக இருக்கிறதே என்றார். காங்கேயத்துச் சில்லு வேறெப்படி இருக்கும் என்று பதில் வந்தது. தொடைத் தசையின் நாரைப் படிக்கட்டுப் போல வெட்டி, ஒன்றின் மேலொன்று நகர்த்தி, கொஞ்சம் நீட்டினார். மடக்கினார். இன்னும் சறுக்கியது. மேலும் நீட்டுவதா வேண்டாமா என்ற கேள்வியோடு அவருடைய கை ஒரு கணம் காற்றில் நின்றது. ஒரு நெல் நீளம், அதற்கு மேல் இல்லை என்று தீர்மானித்து நகர்த்தினார். மடக்கினார். கால் மடங்கியது, குதிகால் தொடையை நெருங்கும்வரை மடங்கியது, சில்லு பள்ளத்தின் நடுவில், தண்டவாளத்தில் செல்லும் வண்டியைப் போல வழுவாமல் இறங்கிற்று. அவர் நீட்டி, மறுபடியும் மடக்கினார். தேவை இருந்ததனால் அல்ல. பார்க்க வேண்டும் என்ற ஆசையினால். அதன் பிறகே உள்பக்கத்துக்குப் புதிய நாரைப் பொருத்தித் தைத்தார்.

ஆனால் வெற்றி உடனே கைக்கு வந்துவிடவில்லை. பல வாரங்கள் அவளால் குதிகாலைப் படுக்கையிலிருந்து எழுப்ப முடியவில்லை. தொடை நடுங்கியது, கால் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அளவு கடந்துவிட்டோமோ என்ற அச்சம் மோகனப்பிரியாவின் சோற்றுத்தட்டு வரை உடன் வந்தது. ஆடி மாதத்தில் ஒரு காலை, தனபாலிடமிருந்து காணொளி ஒன்று வந்து சேர்ந்தது. களத்தில் தேங்காய்ப் பருப்புகள் வெண்மையாகப் பரந்து கிடக்க, கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த கனிஷ்கா வலது காலை நேராக உயர்த்திப் பிடித்திருந்தாள். கேமரா குலுங்கிற்று. "எறக்காத கண்ணு, அப்பிடியே நிக்கட்டும், டாக்டரம்மா பாக்கோணும்," என்ற தந்தையின் குரல் மட்டும் கேட்டது.

தை மாதத்தில் மோகனப்பிரியா அந்தக் கோயில் மைதானத்துக்கு அழைக்கப்பட்டார். கூட்டத்துக்கு முன்னே நாற்காலி போட்டு, மறுக்க மறுக்கத் தனபால் இளநீர் வெட்டிக் கொடுத்தார். உடுக்கை முழங்க, பாட்டு எழும்ப, வட்டம் நகர்ந்தது. ராமாமணி டீச்சர் தட்டைக் கைவிடவில்லை. அது இப்போது ஊருக்கே உரிய அடையாளமாகிவிட்டது. பெண்கள் குனிந்தனர். நிமிரும்போது அத்தனை உள்ளங்கைகளும் அத்தனை வலது முழங்கால்களில் ஒரே ஓசையாக விழுந்தன. நாற்காலியில் அமர்ந்திருந்த மோகனப்பிரியாவின் கையும், அவர் அறியாமலே, தம் முழங்காலைத் தட்டியது.

முன்வரிசையில் கனிஷ்கா எல்லோரையும்விடத் தாழக் குனிந்தாள். தட்டாமல் எழுந்தாள். மற்றவர்களின் கைகள் முழங்காலிலிருந்து புறப்பட்டு வருவதற்குள் அவளுடைய இரண்டு கைகளும் மேலே போய், விரிந்தபடி, கொட்டுவதற்காகக் காத்து நின்றன.