சிவப்பு மூடி பிளாஸ்க்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் வயர் கூடையோடு ஏறினால் ஒருவரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்தக் கூடைக்குள் ஒரு பிளாஸ்க் நின்றுகொண்டிருந்தால் கதையே வேறு. உட்கார்ந்திருப்பவர் எழுந்து இடம் கொடுப்பார். பக்கத்தில் இருப்பவர் எங்கே போகிறீர்கள் என்று கேட்க மாட்டார், யாருக்கு உடம்பு சரியில்லை என்றுதான் கேட்பார். கல்யாணத்துக்குப் போகிறவர்களும் பிளாஸ்க் எடுத்துப் போவார்கள். ஆனால் பைக்குள் படுக்கப் போட்டுவிடுவார்கள். ஆஸ்பத்திரி பிளாஸ்க் மட்டும்தான் நிமிர்ந்து நிற்கும்.

எங்கள் பிளாஸ்க் நாசர் குவைத்திலிருந்து கொண்டுவந்தது. நாசர் என் வீட்டுக்காரர். ஊரோடு வந்துவிட்ட பிறகு லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பிளாஸ்க்குக்கு எவர்சில்வர் உடம்பு, சிவப்பு மூடி. மூடியைக் கழற்றினால் அதுவே டம்ளர். இதை யோசித்துச் செய்தவன் எந்த ஊர்க்காரனோ, ஆனால் ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்தவனாகத்தான் இருக்க வேண்டும். அவசரத்தில் டம்ளர் எடுத்துவர மறந்துபோகும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கைப்பிடியும் ஒரு கையாலேயே ஊற்றுகிற மாதிரி இருக்கும். இன்னொரு கை படுத்திருப்பவரின் தலையைத் தாங்க வேண்டுமே.

கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் மற்றவர்களிடம் பிளாஸ்க் இல்லாமல் இல்லை. ஆனால் காலையில் ஊற்றினால் சாயங்காலம்வரை சூடு போகாது என்று எங்களுடையது பெயர் வாங்கிவிட்டது. பிரசவம், கால் முறிவு, எதுவானாலும் ஆள் வந்து நிற்கும். பிளாஸ்க் திரும்பி வரும்போது வெறுமனே வராது. வாங்கிய பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பித் தருகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். குடல்வால் ஆபரேஷனுக்கு வாங்கிப்போன எதிர்வீட்டுத் தமிழ்மணி, திருப்பித் தரும்போது சீடையைப் போட்டு நிரப்பிக் கொடுத்தாள். அந்தக் குறுகிய வாயிலிருந்து கொட்டி எடுப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

அப்புறம் ஒரே வருஷத்தில் மூன்று பேர். தொண்ணூறைத் தொட்ட கிழவர் ஒருவர், பைக்கில் போய் லாரியில் மோதிய பையன் ஒருவன், மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டு ஆரோக்கியராஜ் அண்ணன். மூவருமே வீடு திரும்பவில்லை. மூவர் தலைமாட்டிலும் எங்கள் பிளாஸ்க் இருந்தது. அது ராசியில்லாத பிளாஸ்க் என்று குழாயடியில் ஆரம்பித்துவைத்தவள் அதே தமிழ்மணி. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. லாரியை விட்டுவிட்டு பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டீர்களே என்று கேட்டேன். நீ போட்டுக் கொடுத்த சீடை எந்த ராசியில் சேர்த்தி என்றும் கேட்டேன். அதற்குப் பிறகு யாரும் பிளாஸ்க் கேட்டு வரவில்லை.

வந்திருந்தாலும் கொடுக்க என்னிடம் அது இல்லை. அண்ணன் போனதிலிருந்து அவர் மனைவி சவரியம்மாள் அக்காவிடமே தங்கிவிட்டது. துக்க வீட்டில் போய் எப்படிக் கேட்பது? அக்கா என்னோடு சரியாகப் பேசவும் இல்லை. எதிரே பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவாள். அவளும் தெருக்காரர்கள் மாதிரி நினைத்து அதை எங்காவது வீசிவிட்டாளோ என்று எனக்கு ஒரு எண்ணம். அது வலித்தது.

போன மாதம் நாசருக்கு நெஞ்சுவலி வந்தது. சரக்கு இறக்கிக்கொண்டிருந்தவர் ஆட்டோவிலேயே சாய்ந்துவிட்டார். சிதம்பரம் கொண்டுபோனோம். அடைப்பை எடுத்துவிட்டோம், இனி அவர் சாப்பிட்டுத் தெம்பாவதுதான் பாக்கி என்றார் டாக்டர். ஆனால் மனுஷன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். கஞ்சி வேண்டாம், பால் வேண்டாம், பேச்சும் வேண்டாம். குவைத்தில் இருந்தபோது போனிலேயே என்னோடு மணிக்கணக்கில் சண்டை போட்ட ஆள். போன வாரம் இதே வார்டில் ஒருவர் இப்படித்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்து, அப்படியே போய்விட்டார் என்று ஆயாம்மா சொன்னாள்.

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். கேன்டீன் பால் வார்டுக்கு வருவதற்குள் ஆறிப்போகிறது, பிளாஸ்க் இல்லாமல் முடியாது. அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். தட்டுவதற்காகத் தூக்கிய கை அப்படியே நின்றது. குழாயடியில் அத்தனை வாய் பேசிய எனக்குப் பயமாக இருந்தது. நாலாவது ஆள் என்ற ஒரு நினைப்பு மனசுக்குள் வந்துவிட்டது. தட்டாமல் திரும்பினேன். பிளாஸ்டிக் பாட்டிலில் பாலை ஊற்றி, துண்டால் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை. புதுச்சத்திரம்வரை நின்றுகொண்டே போனேன்.

மறுநாள் காலையில் வார்டு வாசலில் சவரியம்மாள் அக்கா நின்றாள். கையில் வயர் கூடை. கூடைக்குள் சிவப்பு மூடி. வேண்டாம் அக்கா என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நேத்து என் வாசல்ல வந்து நின்னுட்டுத் திரும்பிப் போனியே, ஜன்னல் வழியா பார்த்தேன்" என்றாள் அக்கா. "நானே கொண்டாந்து குடுத்திருக்கணும். வெறும் பிளாஸ்க்கை எப்படிக் குடுக்கறது? எழவு வீட்டுலேர்ந்து எதைப் போட்டுக் குடுக்கறதுன்னும் தெரியல. அதான் உன் மூஞ்சியப் பாக்கவே வெக்கமா இருந்துச்சு."

இதற்காகவா இத்தனை மாதம் என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தெருவில் பேசுவது உன் காதில் விழவில்லையா என்று மெதுவாகக் கேட்டேன். விழாமல் என்ன என்றாள்.

"கடைசி நாளு அவரு எதுவும் வேணாம்னாரு. இதுலேர்ந்து ஒரு மூடி காப்பி ஊத்திக் குடுத்தேன். ஆவி பறந்துச்சு. ஊதி ஊதிக் குடிச்சிட்டு, வீட்டுல குடிச்ச மாரியே இருக்குதுடின்னாரு. இதப் போயி நான் ராசியில்லன்னு சொல்லுவனா, சாய்ரா?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பயம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கையை விட மனசில்லை.

உள்ளே போனோம். அக்கா மூடியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டாள். நாசர் திரும்பவில்லை. நான் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு கையை அவர் தலைக்கடியில் கொடுத்துத் தூக்கினேன். மறு கையால் ஊற்றினேன். மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால். அக்கா மூடியை அவர் உதட்டில் வைத்தாள். ஒரு வாய் உறிஞ்சியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நாக்கு வெந்துபோச்சு. சூடு ஜாஸ்தின்னு சொல்ல மாட்டியா?"

ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அவர் முழுசாகப் பேசிய முதல் பேச்சு அது. அதுவும் குறைதான். அல்லாவே, எனக்கு அந்தக் குறை போதும் என்று இருந்தது.

"ஊதிக் குடிங்க மச்சான்" என்றேன். ஊதினார். மூடி காலியானதும் இன்னும் கொஞ்சம் என்றார்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறார். உப்புக் குறைத்த குழம்பு வைக்கிறேன் என்று மூன்று வேளையும் என்னோடு சண்டை. போன வெள்ளிக்கிழமை தமிழ்மணி வந்து வாசலில் நின்றாள். மகளைப் பிரசவத்துக்குச் சிதம்பரத்தில் சேர்த்திருக்கிறார்களாம். அதற்கு மேல் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. நானும் கேட்க விடவில்லை. பிளாஸ்க்கை வெந்நீர் விட்டுக் கழுவி, பால் காய்ச்சி நிரப்பி, அவள் கூடையில் நிமிர்த்திவைத்தேன். திருப்பித் தரும்போது சீடை மட்டும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.