முனியின் வாய்க்கு ஏற்ற சுருட்டு

கார் ஹார்ன் கேட்டபோது கண்மணி செம்பனை மரத்தடியில் குந்தி, உதிர்ந்த பழங்களைச் சாக்கில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஹார்ன் மறுபடி அடித்தது. அவள் நிமிரவில்லை. மரத்தைச் சுற்றிய வட்டத்தில் கிடந்த கடைசிப் பழத்தையும் எடுத்துப் போட்டுச் சாக்கின் வாயைக் கட்டினாள். பிறகு வாய்க்கால் தண்ணீரில் மண்ணைப் போட்டுக் கையைத் தேய்த்தாள். பழத்தின் எண்ணெய் வாடை போகும்வரை தேய்த்தாள். அந்தக் கையால் இன்று முனிக்குச் சுருட்டு பொறுக்க வேண்டும்.

ஏழாங்கட்டைத் தோட்டத்தை விற்றாகிவிட்டது. வாங்கிய கம்பெனி பாதியை வழித்துச் செம்மண்ணாக்கிவிட்டு, லயத்து வீட்டு வரிசைக்கு எதிரே ஒரு மண்வாரி இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. மழைக்காலம் ஒன்று வந்து போனது. இயந்திரம் நகரவில்லை. கோர்ட்டுத் தடை எப்போதோ முடிந்துபோயிருந்தது. தடுத்துக்கொண்டிருந்தவர் லயத்து வாசலில் சிமெண்டுச் சிலையாக உட்கார்ந்திருந்த முனியாண்டி. அவரைத் தாண்டித்தான் உள்ளே வர முடியும். தாண்டப் பார்த்த முதல் டிரைவருக்கு அன்றே ஒரு பக்க மீசை உதிர்ந்துவிட்டது. மறுபக்கத்தை அவன் பயத்தில் தானே சிரைத்துக்கொண்டதால் இதற்கு அத்தாட்சி இல்லை. இரண்டாவது ஆள் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் பாகான் நக்கோடா ஓமார் மீனவர் குப்பத்துக்குப் போய் மீன்படகு ஏறிவிட்டான். அவன் வலையில் விழ மீன்கூட யோசிப்பதாகக் கேள்வி. மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை.

ஆகவே கம்பெனிக்கு முதலில் முனி போக வேண்டும். அவர் போனால் லயம் போகும். லயத்தின் முதல் வீடு கண்மணியுடையது. புருஷன் செத்தபோது பிணத்தைக் கிடத்திய கூடம் அது. அவளுக்குப் போக வேறு இடம் இல்லை.

வீடு தருவோம் என்று கம்பெனி சொல்லாமல் இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னது. எங்கே என்று கேட்டால் பிறகு என்றது. முனிக்கு மட்டும் புக்கிட் பெருந்துங்கில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால், கழிவுநீர்க் குட்டை ஓரமாக இடம் பார்த்து வேலியும் போட்டிருந்தது.

கூட்டங்களில் இதைச் சொல்ல வந்தவனும் இன்று ஹார்ன் அடித்தவனும் பெர்னாட். கம்பெனியின் சமூகத் தொடர்பு அதிகாரி. தோட்ட ஆபீசில் கணக்கெழுதிய பழைய கிராணியின் மகன், இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவன். ஞாயிறு மாதா கோவில், முனி பூசையன்று முனி கோவில் என்று வளர்ந்தான். படையல் கோழிக்கு அவன் இலைதான் முதலில் விழும்.

போன கூட்டத்தில் கோவில் தலைவர் நல்லசாமி எழுந்து, முனி உத்தரவு கொடுத்தால் தாங்களே அவரைத் தூக்கி லோரியில் வைப்பதாகச் சொல்லிவிட்டார். பெர்னாட் உடனே கைகொடுத்தான்.

நல்லசாமி அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சிலையைச் செய்த சுங்கை பஞ்சாங் ஊர்க் கொத்தனார் வாயில் ஒரு துளை விட்டு, அங்கிருந்து பிடரி வரை தண்ணீர்க் குழாய் ஒன்றைப் பதித்திருந்தார். பக்தியினாலா, கள்ளினாலா என்று தோட்டத்தில் இரண்டு கட்சி. வாயில் சுருட்டைச் செருகிக் கொளுத்தினால், எதிர்க்காற்று அடிக்கையில் முனியின் பிடரியில் புகை வரும். ஒன்றைக் கேட்டு ஏற்றிய சுருட்டு முழுக்கச் சாம்பலானால் உத்தரவு. நடுவில் அணைந்தால் இல்லை. ரப்பரை அழித்துச் செம்பனை வைத்து, அது வளர்ந்து காற்றை மறைத்த பிறகு முனி எதற்குமே உத்தரவு கொடுத்ததில்லை. லயத்துப் பெண் ரமணியின் கல்யாணத்தை வருஷா வருஷம் மறுத்தார். கடைசியில் அவள் முனியிடம் சொல்லாமலே கட்டிக்கொண்டாள், நன்றாகத்தான் இருக்கிறாள். இப்படிப்பட்ட சாமியை நம்பி எந்தப் பந்தயமும் கட்டலாம் என்பது நல்லசாமியின் கணக்கு.

கண்மணி வந்து சேர்ந்தபோது முனியின் முன்னால் வாழையிலை விரித்திருந்தார்கள். பெர்னாட் ஒரு மரப்பெட்டியைத் திறந்து வைத்தான். எல்லாம் கூர்வாய்ச் சுருட்டு. மெலிந்தது துளையில் நிற்காது, பருத்தது நுழையாது. நுனி கூர்ந்து வயிறு பெருத்ததுதான் ஆப்பு மாதிரி இறங்கும் என்பது அவனுக்கும் தெரியும். கோலாலம்பூரில் கம்பெனி போஸ் குடிக்கிற சுருட்டு, கியூபாவிலிருந்து வந்தது என்றான். சாலையோரம் பளு தூக்கி இயந்திரம் பொருத்திய லோரி ஒன்று நின்றது. அதன் பின்னால் போலீஸ் ஜீப்பில் இருந்தவர்கள் நுரை ததும்ப ஆற்றிய தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"உத்தரவு கேக்கறதுக்கு முன்னாடியே லோரி வந்துருச்சே?" என்றாள் கண்மணி.

"சும்மா நிக்குது லா, அக்கா. நீங்க பொறுக்குங்க."

பொறுக்குவது அவள் வீட்டு முறை. அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். கட்டை விரலால் நுனியிலிருந்து வயிறு வரை அழுத்திக்கொண்டே போனாள். அமுங்கி எழும்பியவற்றை ஒதுக்கினாள். அவை நன்றாக எரியும். காதருகே உருட்டினாள். சரசரவென்று பேசியதையும் ஒதுக்கினாள். கடைசியில் ஒன்று அகப்பட்டது. இலையை நெருக்கித் திணித்திருந்தார்கள், விரலுக்குக் கல் மாதிரி இருந்தது, காதில் ஒரு சத்தமும் இல்லை. மூச்சுவிட வழியில்லாத சுருட்டு.

"இதான்," என்றாள்.

நுனியைப் பல்லால் கடிக்கக் கூடாது, எச்சில். குலை வெட்டும் அரிவாளால் சீவுவார்கள். அவள் சீவினாள் என்று சொல்ல முடியாது. அரிவாள் நுனியைத் தொட்டது, அவ்வளவுதான். பெர்னாட் பார்த்துக்கொண்டே இருந்தான்.

நல்லசாமி சூடம் காட்டிச் சுருட்டை முனியின் வாயில் செருகிப் பற்றவைத்தார். எல்லாரும் முனியின் பிடரியைப் பார்த்தார்கள். வெகு நேரம் கழித்து நூல் மாதிரி ஒரு புகை வந்தது. சாம்பல் விரல்நகம் அளவு ஏறியது. செம்பனை மட்டை ஒன்றுகூட அசையவில்லை. நெருப்பு கறுத்தது. புகை நின்றது. யாரோ பெருமூச்சு விட்டார்கள், அது முனியாகக்கூட இருக்கலாம்.

"உத்தரவு இல்லப்பா," என்றார் நல்லசாமி. குரலில் சந்தோஷத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

பெர்னாட் செருப்பைக் கழற்றிவிட்டு முனியின் முன்னால் போய்க் கும்பிட்டான். நிதானமாகத் திரும்பினான்.

"மாமா, பிடரியப் பாருங்க. புகை போக வழியில்ல. இந்த இடத்துல அவருக்கு மூச்சு முட்டுது. அதத்தான் சொல்றாரு."

"அணைஞ்சா இல்லன்னு அர்த்தம்டா. உனக்குத் தெரியாதா?"

"காத்து உள்ள இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்கறாரு."

அவன் கையை ஆட்டினான். மஞ்சள் தொப்பி போட்டவர்கள் பட்டைக் கயிறுகளோடு இறங்கி வந்தார்கள். ஜீப்பிலிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள். நல்லசாமி அவர்களுக்கும் முனிக்கும் நடுவே புகுந்தார். ஒரு போலீஸ்காரர் அவர் தோளைப் பிடித்து, பெரியவர் வெயிலில் நிற்கக் கூடாது என்று மரத்தடியில் உட்கார வைத்தார்.

கண்மணி அரிவாளோடு முனியின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். அவளை இறக்கப் பெண் போலீஸ் வர வேண்டியிருந்தது. அவர்கள் ஏற்கெனவே வந்திருந்தார்கள். அரிவாளைப் பிடுங்கும்போது அவள் உள்ளங்கை கிழிந்தது.

"இந்தச் சாமிக்கு வெட்டுன கோழியத் தின்னு வளர்ந்தவன்டா நீ," என்றாள். கத்தவில்லை. "உங்கம்மா காய்ச்சல்ல கெடந்தப்ப, பூசைச் சோத்த நாந்தான் கொண்டாந்து உனக்கு ஊட்டுனேன்."

"அதனாலதான் அக்கா, வேற ஆள விடாம நானே வந்து பத்திரமா எடுத்துட்டுப் போறேன்."

பளு தூக்கி முனியைத் தூக்கியது. அவருக்கு அடியில் வெள்ளைப் புழுக்களும் ஈர மண்ணும் இருந்தன. லோரியில் அவரைப் பின்பக்கம் பார்த்து வைத்தார்கள். பெர்னாட் தடுத்தான். சாமி முதுகு காட்டிப் போகக் கூடாது, வண்டி போகிற திசையைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்றான். திருப்பி வைத்தார்கள். டிரைவரின் கூண்டுக்கு மேலே தலை தெரிய, முனி உயர உட்கார்ந்தார்.

பிறகு அவன் லோரியில் ஏறினான். முனியின் வாயில் வைத்ததைத் திரும்ப யாரும் தொடுவதில்லை. பெர்னாட் தொட்டான். சட்டைப் பையிலிருந்து வெள்ளி போல மின்னும் சின்னக் கத்தரி ஒன்றை எடுத்துச் சுருட்டின் கூர்முனையை வளையமாகத் தறித்தெறிந்தான். மறுபடி துளையில் திருகி இறக்கினான். ஊதுகிற மாதிரி சீறும் லைட்டரால் கொளுத்தினான். இறங்கி வந்து கைப்பேசியைப் பிடித்துக்கொண்டான்.

லோரி நகர்ந்தது. செம்மண் பாதையில் மெதுவாக ஆடிக்கொண்டு போனபோது ஒன்றுமில்லை. தார்ச்சாலை ஏறியதும் எதிர்க்காற்று சுருட்டின் வாயில் அடித்தது. நெருப்பு சிவந்தது. பிடரியிலிருந்து புகை குபுகுபுவென்று கிளம்பியது. லோரி வேகம் எடுக்க எடுக்க முனி நன்றாகக் குடித்தார். சாம்பல் பறந்து பறந்து உதிர, சுருட்டு கண்முன்னே குறைந்துகொண்டே போனது.

"பாத்தீங்களா மாமா," என்றான் பெர்னாட், படம் எடுப்பதை நிறுத்தாமல்.

லயத்துக்கு எதிரே, அதுவரை கிடைக்காத மூன்றாவது டிரைவர் இயந்திரத்தில் ஏறிச் சாவியைத் திருப்பினான். அது ஒரு முறைகூட இருமவில்லை, முனி இருந்த இடத்தைத் தாண்டி லயத்தின் பின்பக்கம் போனது. கண்மணி கிழிந்த உள்ளங்கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அவள் முன்வாசலில் நுழைந்தபோது, இடிந்த பின்சுவர் வழியாக வெளிச்சம் உள்ளே வந்துகொண்டிருந்தது.