நான் திருத்திக் கொடுத்த கடிதம்

1

இந்தக் கதை, என் மகள் எனக்கு ஆங்கிலத்தில் எழுதிய நான்கு பக்கக் கடிதத்திலிருந்து வந்தது. எழுதும்போது அவள் பக்கத்து அறையில்தான் இருந்தாள். நேரில் சொல்லியிருக்கலாம். தமிழிலாவது எழுதியிருக்கலாம். ஏன் முடியவில்லை என்பதை மேலே ஒரே ஒரு தமிழ் வரியில் சொல்லியிருந்தாள்: "அப்பா, தமிழ்ல எழுதினா உங்க முகம் தெரியுது."

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கௌரவமான குடும்பத்தில் ஒரே மகளாகப் பிறந்த அவள்' — அடித்துவிட்டேன். கௌரவம் முன்னால் வந்தால் பெண் பின்னால்தான் வருவாள்.

அடுத்த தொடக்கம்: 'மாப்பிள்ளை நல்லவர்தான், ஆனால்' — இதை முடிக்க எனக்கு விவரம் போதாது. நான் கேட்டதில்லை.

2

காப்பீட்டு அலுவலகத்தின் கடிதப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்தேன். பாலிசி முடிந்த செய்தியை உரியவருக்குத் தெரிவிப்பது என் வேலை. முடிவதற்கு ஆங்கிலத்தில் எத்தனையோ வினைகள் உண்டு. எங்கள் அலுவலகத்தில் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க விடமாட்டேன். காலம் முழுவதும் ஓடி நிறைந்தால் மெச்சூர். வாடிக்கையாளரே திருப்பிக் கொடுத்தால் சரண்டர். நாங்கள் முடித்தால் டெர்மினேட். தவணை கட்டாமல் நின்றுபோனால் லாப்ஸ்.

(லாப்ஸ் பற்றி ஒரு குறிப்பு. இந்த வரிசையில் திரும்ப உயிர் பெறக்கூடிய முடிவு இது ஒன்றுதான். இரண்டு வருடத்துக்குள் மனு போட்டால் போதும். என் மகளுக்கு இது ஏழு வயதிலேயே தெரியும். தோழியோடு சண்டை போட்டு வந்தால், "டெர்மினேட்டா, லாப்ஸா?" என்று கேட்பேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே "லாப்ஸ்தான்ப்பா" என்பாள்.)

எனக்குக் கீழே இருந்தவர்கள் எழுதும் வரைவெல்லாம் என் மேசைக்கு வரும். சிவப்பு மையில் திருத்தி அனுப்புவேன்.

3

இரண்டு வார லீவு என்று சொல்லித்தான் மகள் வந்திருந்தாள். மூன்றாவது வாரம் அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்தாள்.

அதில் முடிவைச் சொல்லும் வினைகள் ஐந்து. பேச்சு ஃபிஸில் அவுட், பிசுபிசுத்து நின்றது. பொறுமை ரன் அவுட், தீர்ந்துபோனது. பாசம் வேர் ஆஃப், மெல்ல இறங்கிப்போனது. நம்பிக்கை ஃபேட் அவே, மங்கி மறைந்தது. கடைசியில் அவளும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து பேசி, இதோடு போதும் என்று, கால் இட் எ டே.

பேனாவோடு படித்தேன். வேர் ஆஃப் பக்கத்தில் எழுதினேன்: 'மயக்க மருந்துக்குப் பொருந்தும். பாசத்துக்குப் பொருந்தாது.' கால் இட் எ டே பக்கத்தில்: 'வேலை முடிந்து கிளம்புகிறவர் சொல்வது. கல்யாணத்துக்கு ஆகாது.' அடியில்: 'ஒரு விஷயத்துக்கு ஐந்து வினை எதற்கு?' ஐந்தையும் அடித்து ஒரே சொல்லை எழுதினேன். லாப்ஸ். சுருக்கொப்பம் வைத்து, அவள் அறைக் கதவுக்கு அடியில் தள்ளினேன்.

மறுநாள் அவள் வாடகைக்கு அறை பார்க்கப் போய்விட்டாள்.

"அவ என்ன உங்க ஆபீஸ்ல வேலைக்கு மனுவா போட்டா?" என்றாள் என் மனைவி. "இனிஷியல் வேற போட்டிருக்கீங்க!"

"தப்பு இருந்துச்சு. திருத்தினேன்."

"ஆமா, பெரிய துரை. அவ அழுதுகிட்டே எழுதினதுல கமா சரியில்லைன்னும் சொல்லிடுங்க."

"கமா எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"சனிக்கிழமை போயிடுவா. ஒரு பெட்டி கட்டியாச்சு. அப்புறம் யாரைத் திருத்துவீங்க?"

4

இந்தக் கதையில் வரும் அப்பாவை, எழுதுகிற எனக்கே பிடிக்கவில்லை. கொஞ்சம் நல்லவராக்கிப் பார்த்தேன். 'கடிதத்தைப் படித்ததும் அவர் கண் கலங்கி' — இல்லை, கலங்கவில்லை. அப்போது என் மனதில் இருந்தது மைத்துனனின் முகம். என் மனைவியின் தம்பி. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவன் அவன்தான். வாரம் தவறாமல் போன் செய்வான். "மாப்பிள்ளை டூர்ல இருக்கார்" என்று மூன்று வாரமாகச் சொல்லிவந்தேன்.

அறை பார்க்கப் போனவள், கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். இந்தத் தடவை கையில் பேனா இல்லாமல் படித்தேன். அப்போதுதான் நடுவில் இருந்த தேதிகள் கண்ணில் பட்டன. பேச்சு நின்றது முதல் வருடம். பொறுமை போனது அடுத்த வருடம். பாசம், நம்பிக்கை எல்லாம் அதற்குப் பிறகு. ஐந்து வினைகளும் ஒரே விஷயத்துக்கானவை அல்ல. ஐந்து இழப்புகள், ஒவ்வொன்றாக, ஐந்து வருடம். அந்த ஐந்து வருடமும் போனில் "எல்லாம் நல்லாருக்குப்பா" என்று சொல்லியிருக்கிறாள். நானும் மேலே கேட்காமல் போனை வைத்துவிட்டேன்.

அதன் மேல்தான் நான் லாப்ஸ் என்று எழுதியிருக்கிறேன். அதாவது, மனு போடு, மாப்பிள்ளையிடம் திரும்பிப் போ. வேறு யார் படித்தாலும் புரியாது. அவளுக்குப் புரியும்.

5

முடிவு ஒன்று: சனிக்கிழமை அவள் போகிறாள். பெட்டியை நானே வண்டியில் ஏற்றுகிறேன். வெளியில் யாருக்கும் எதுவும் தெரியாது. வீட்டில் இரண்டு பேர் சாப்பிடுகிறோம்.

முடிவு இரண்டு: மாப்பிள்ளை வந்து வாசலில் நிற்கிறார். (இதை எழுதும்போது கை வேகமாக ஓடியது. அதனாலேயே நம்பவில்லை.)

முடிவு மூன்று: நான் அவளிடம் மன்னி — நான்கு தடவை தொடங்கிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் எந்த அப்பாவும் இந்த வாக்கியத்தை முடித்ததாக ஞாபகம் இல்லை.

6

இதுவரை எழுதியிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை. போன் அடித்தது. மைத்துனன்.

"அத்தான், மாப்பிள்ளை வந்துட்டாரா? ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் சாப்பிட அனுப்புங்க."

"அவர் டூர்ல—" பழகிய வாய் தானாகத் தொடங்கிவிட்டது. நிறுத்தினேன். "டூரெல்லாம் இல்லடா. நான் சொன்னது பொய். அந்தக் கல்யாணம் முடிஞ்சிருச்சு. பொண்ணு நம்ம வீட்டுலதான் இருக்கா."

"முடிஞ்சிருச்சுன்னா? ஏதோ கோவம்தானே? நான் போய்ப் பேசட்டுமா?"

மூன்று நாளைக்கு முன்னால் என்றால், பேசு என்று சொல்லியிருப்பேன்.

"வேண்டாம். கோவமில்ல. முடிஞ்சிருச்சு."

எங்கள் வளர்ப்பைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பதில் வைத்திருந்தேன்.

"நான்தானே அத்தான் கொண்டுவந்தேன்," என்றான். குரல் சரியாக வரவில்லை. "போனை அவகிட்ட குடுங்க."

இது நான் யோசித்த எந்த முடிவிலும் இல்லை. சமையலறை வாசலில் என் மனைவி ஈரக் கையோடு நின்றாள். முகவாயால் அறைப் பக்கம் காட்டினாள். போய்க் கதவைத் தட்டினேன்.

"மாமா உன்கிட்ட பேசணுமாம். எல்லாம் சொல்லிட்டேன்."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு, "என்னன்னு சொன்னீங்க?"

"முடிஞ்சிருச்சுன்னு."

தாழ்ப்பாள் நகர்ந்தது.

கதவு திறந்த பிறகு நடந்தது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். சனிக்கிழமை அவள் போனாளா, இருந்தாளா என்பதை உங்களிடமே விடுகிறேன். எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். தலைகுனிந்து நிற்கிறவளாக மட்டும் எழுதாதீர்கள். அவள் எங்கள் வீட்டுப் பெண்.