மர்கெரித்தா, மைமூனா?

1

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மாதா கோவில் வாசலில் ஒரு காலும் பள்ளிவாசலில் ஒரு காலும் வைத்துச் சொல்லத் தயார். இரண்டுக்கும் நடுவே இருக்கிற தூரம்தான் இடைஞ்சல்.

கதை பிறந்தது 2006இல். எங்கள் ஊரில் சாரம் என்கிற பேட்டைக்குப் பின்னால் பழைய குதிரைப் பந்தயத் திடலை மனை போட்டு விற்றார்கள். வீடுகள் வந்தன, குடியிருப்போர் சங்கம் வந்தது, தெருவுக்குப் பெயர் இல்லை. அந்தத் திடலில் நடந்த கடைசிப் பந்தயத்தில் ஜெயித்த குதிரையின் பெயரை வைப்பதென்று கூட்டத்தில் ஏகமனதாக முடிவானது. எந்தக் குதிரை ஜெயித்தது என்பது மட்டும் பாக்கி. திடலின் வரலாற்றை எழுதி அதையும் முடித்துக்கொடுக்கும்படி என்னிடம் விட்டார்கள். நான் எழுதும் பெயர்தான் பலகையில் ஏறும்.

2

முதல் தொடக்கம்: "கதிரவன் தன் பொற்கரங்களை நீட்ட, புரவிகள் இரண்டும்..." (வேண்டாம். அன்று மூட்டம். தவிர, புரவி என்று எழுதினால் இந்த இரண்டுமே கூச்சப்படும்.)

இரண்டாம் தொடக்கம்: "1954. பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த அந்த..." (பரீட்சைக்குப் படிப்பதுபோல் இருக்கிறது.)

மூன்றாவது: இரண்டு குதிரைகள் ஓடின. (இது இருக்கட்டும்.)

மர்கெரித், ரொபேரின் அப்பா வளர்த்த குதிரை. ரொபேர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா; இப்போது பென்ஷன் வாங்குகிறார், மற்ற நேரத்தில் வாதாடுகிறார். மைமூனை வளர்த்தவரும் ஓட்டியவரும் அன்வருதீனின் அத்தா. சேணம் தைக்கிற குடும்பம்.

3

முதல் படியை ரொபேர் படித்தார்.

"யோவ், எங்கப்பா குதிரைக்கு வயிறு பெருசுன்னு ஏன்யா எழுதியிருக்கே?"

"வர்ணனை, முசியே."

"வர்ணனையெல்லாம் அந்த மைமூனுக்கு வச்சிக்க. எங்களுக்கு வெற்றி போதும்."

சொல்லிக்கொண்டே கிளாசில் சிவப்பு ஒயின் ஊற்றினார். இரண்டாவது கிளாசில் மர்கெரித் ஒரு கழுத்து முந்தியது.

மறுநாள் அன்வருதீனின் மனைவி ஜஹபர் நிஷா நெய்ச்சோறு கொண்டுவந்து வைத்தார். மைமூன் இரண்டு கழுத்து முந்தியது.

(அடிக்குறிப்பு: எல்லா ஊர் வரலாறும் இப்படித்தான் எழுதப்படுகிறது. மற்ற ஊர்களில் சாப்பாடு சுமார்.)

4

அன்வருதீன் மட்டும் வெறுங்கையோடு வந்தார்.

"சோத்துக்காக எழுதாதீங்கண்ணே. எங்க அத்தா சாவுற வரைக்கும் 'நான்தான்டா ஜெயிச்சேன்'னு சொல்லிக்கினே இருந்தாரு. எவனும் நம்பல. கல்யாண ஊட்ல போயி உக்காந்தா, 'வாங்க வாங்க, ஜெயிச்ச குதிர வந்துடுச்சி, கொள்ளு வைங்கப்பா'ம்பானுங்க. சிரிச்சிக்கினே எழுந்து வந்துடுவாரு, துன்னாம. நானுந்தான் நம்பல. நெஜமா ஜெயிச்சிருந்தா, பலகையில போடுங்க. இல்லன்னா வேணாம்."

"அந்த மகனின் விழிகளில்..." (நிறுத்திவிட்டேன். விழிகளில் ஒன்றும் இல்லை. மூக்கைத்தான் சிந்தினார்.)

இந்தக் கதையில் எனக்குப் பிடிக்காத பாத்திரம் இவர்தான். இவர் வரும்வரை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

5

சரி, நடந்ததைச் சொல்கிறேன். வேலியோரப் புங்கமரத்தில் உட்கார்ந்து நானே பார்த்தேன்.

கடைசி வளைவில் குதிரைகள் திரும்பும்போது ஆலைச் சங்கு ஊதியது. மத்தியானம். நடுவராக இருந்த வெள்ளைக்காரர் எழுந்து, குடையை விரித்து, சாப்பிட்டுத் தூங்க வீட்டுக்குப் போய்விட்டார். யாரும் தடுக்கவில்லை. மத்தியானம் கடை சாத்தினால் கதவைத் தட்டாத ஊர் இது.

மர்கெரித் வெள்ளைக்காரத் தெருவில் வளர்ந்தது. சங்குச் சத்தம் கேட்டதும் முடிவுக் கோட்டுக்குப் பத்தடி முன்னால் நின்று, கண்ணை மூடிக் குறட்டை விட்டது. மேலே இருந்தவரும் அதன் கழுத்தில் சாய்ந்துவிட்டார்.

மைமூன் அதைத் தாண்டிப் பறந்தது. ஆனால் அதுவும் இந்த ஊர்க் குதிரை. சங்கு ஊதினால் வீட்டில் கொள்ளு. "கோட்ட தாண்டிட்டுப் போடீ, ஒன் கால்ல வுழறேன்!" என்று அத்தா கடிவாளத்தை இழுக்க, அது வேலியைத் தாண்டிச் சேணக்கடையில் போய் நின்றது.

கோட்டுக்கு முன்னால் வேலி தாண்டியதா, பின்னாலா? அந்த இடத்தை ஒரு கிளை மறைத்தது. (இந்தக் கிளையை வெட்டிவிட்டு எழுதலாம். மனசு வரவில்லை.)

6

முடிவு ஒன்று: மர்கெரித் தெரு. ரொபேர் ஒரு புட்டி திறப்பார். அன்வருதீன் தலையாட்டிவிட்டுப் போவார், அத்தாவைப் போலவே சிரித்துக்கொண்டு.

முடிவு இரண்டு: மைமூன் தெரு. செத்தவர் ஜெயிப்பார். ரொபேர் பிரெஞ்சில் திட்டுவார். எனக்கு ஒயின் கிடையாது.

முடிவு மூன்று: இந்தப் பக்கத்துக்கு ஒரு பெயர், அந்தப் பக்கத்துக்கு ஒரு பெயர். (தபால்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.)

இப்போது பலகை எழுதுகிற இராமதாஸ் தூரிகையோடு என் வாசலில் நிற்கிறார். "பெரியவரே, பெயிண்ட் காயுது. என்னா பேரு?" பின்னால் ரொபேரும் அன்வருதீனும். இருவரும் ஒன்றாக வாயை மூடிக்கொண்டிருப்பதை இன்றுதான் பார்க்கிறேன்.

என்னால் ஆகாது. நீங்களே ஒரு பெயரைச் சொல்லிவிடுங்கள், இராமதாசுக்குக் கேட்கும்படி சத்தமாக.

சொல்லும் முன் ஒரு தகவல்: 1954இல் அந்தத் திடல் முழுக்க ஏரி. இரண்டு ஆள் ஆழம்.