தலையாட்டிய மேஸ்திரி

டைல்ஸ் மேஸ்திரிக்குக் காது மந்தமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. கல் அறுக்கும் மெஷினைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பாதி ஆயுசை ஓட்டியவர். காது என்ன இரும்பிலா செய்திருக்கிறது? அடியோடு கேட்காமல் போயிருந்தாலாவது ஊருக்கே தெரிந்திருக்கும். இவருக்குப் பாதி கேட்டது. மீதியை ஊகத்தில் நிரப்பிக்கொண்டார். எதிரில் இருப்பவர் வாயசைத்து நிறுத்தியதும் "சரிங்க" என்று தலையாட்டிவிடுவார். பெரும்பாலும் அது பொருந்தியும் போய்விடும். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத தங்கமான மனுஷன் என்று நல்ல பெயர்கூட வந்துவிட்டது.

வீட்டில்தான் சங்கடம். சாப்பிடும்போது மனைவியும் மகளும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "என்ன?" என்பார். "ஒண்ணுமில்லப்பா, விடுங்க" என்று மகள் சொல்லிவிடுவாள். விடாமல் கேட்டால் மனைவி அலுத்துப்போய்க் கத்திச் சொல்வாள். கத்திச் சொன்னால் சிரிப்புக் கதையும் திட்டு மாதிரிதான் இருக்கிறது. அதனால் அவர் கேட்பதையே விட்டுவிட்டு, அவர்கள் சிரிக்கும்போது தானும் சிரித்து வைத்தார்.

அந்த வாரம் ஒரு மாடி வீட்டில் குளியலறை வேலை. மேஸ்திரியும் அவருடைய மைத்துனனும்தான் ஆட்கள். அந்த வீட்டம்மாவுக்குப் பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை. காலையில் கிளம்பும் அவசரத்தில், குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"மேஸ்திரி, ஜன்னலுக்குக் கீழே சுவத்துக்குள்ள பைப் போகுது. அங்க மட்டும் கொத்திடாதீங்க."

மைத்துனன் கீழே சிமெண்ட் கலந்துகொண்டிருந்தான். மேஸ்திரியின் காதில் விழுந்தது "ஜன்னலுக்குக் கீழே"யும் "கொத்து"வும்தான்.

"சரிங்கம்மா" என்று தலையாட்டினார்.

சொன்னபடி செய்பவர் என்று பெயர் எடுத்தவர் அல்லவா, ஜன்னலுக்குக் கீழேயே முதலில் ஆரம்பித்தார். நான்கு அடிதான். சுவர் பிளந்து தண்ணீர் அவர் முகத்தில் பீய்ச்சியடித்தது. மைத்துனன் மொட்டை மாடிக்கு ஓடி வால்வை மூடுவதற்குள் கூடம் குளமாகிவிட்டது. சோபாவின் கால்கள் தண்ணீரில் நின்றன.

மாலையில் வீட்டம்மாவும் அவர் கணவரும் வந்து பார்த்தார்கள்.

"பைப் இருக்குன்னு நீ இவங்ககிட்ட சொல்லலையா?" என்றார் கணவர்.

"காலையிலயே சொன்னேனே. மேஸ்திரியும் சரின்னாரே."

இருவரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். காது கேட்காத மேஸ்திரியை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

"அம்மா எதுவும் சொல்லலைங்க சார்."

வார்த்தை வாயை விட்டுப் போய்விட்டது. கணவர் மனைவி பக்கம் திரும்பினார். "உனக்கு இதே வேலை. மனசுல நினைச்சதைச் சொல்லிட்டதா நினைச்சுக்கறது. அப்புறம் மத்தவங்க மேல பாயறது."

"இல்லைங்க, செருப்பு மாட்டும்போது..." அந்த அம்மா பாதியில் நிறுத்தினார். வாசலைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "சொல்லலையோ? சொன்ன மாதிரிதான் இருக்கு."

இருவரும் சத்தமாகவும் எதிரில் நின்றும் பேசியதால் இது அத்தனையும் மேஸ்திரிக்குச் சுத்தமாகக் கேட்டது.

திரும்பும் வழியில் மைத்துனன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றான்.

"மாமா, அந்தம்மா சொன்னாங்களா?"

"சொன்னாங்க. பாதிதான் காதுல விழுந்துச்சு."

அவன் பிடரியைச் சொறிந்துகொண்டான். "சரி, விடுங்க. தப்பிச்சோம். இனிமே அதைக் கிளறாதீங்க."

தப்பித்தோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. தன் காதைத் தானே நம்ப முடியாமல் திண்டாடுவது எப்படி இருக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? இன்று ஒருத்தியைத் தன் வாயையே நம்ப முடியாதபடி செய்துவிட்டு வந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பங்கரை வாசலில் நின்று மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். "எனக்குக் காது சரியா கேக்கறதில்ல" என்று முடித்தார்.

"தெரியும்" என்றாள் அவள், அடுப்பைத் தணித்தபடி.

"தெரியுமா? பின்னே ஏன் சொல்லல?"

"நீங்க மறைக்கிறீங்க. நான் போய் எப்படி உடைக்கிறது? மனசு கஷ்டப்படுவீங்கன்னு பேசாம இருந்தேன்."

ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை.

"நாளைக்குப் போய் அந்தம்மாகிட்ட சொல்லிடறேன்."

"நல்லா திட்டுவாங்க."

"திட்டினா எனக்கு நல்லாவே கேக்கும்."

மறுநாள் காலை மேஸ்திரி மெஷினைப் பையிலிருந்து எடுக்கவில்லை. கணவன் மனைவி இருவரையும் கூடத்துக்கு வரச் சொன்னார்.

"சார், நேத்து அம்மா சொன்னாங்க. எனக்குக் காது மந்தம். சரியா கேக்காமலே சரின்னுட்டேன். அப்புறம் சொல்லலைன்னு பொய்யும் சொல்லிட்டேன். பைப்பை என் செலவுல சரி பண்ணித் தரேன்."

பரவாயில்லை என்று அந்த அம்மா சொல்வார் என்று மனதின் ஏதோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தார். அவர் சொல்லவில்லை.

"பைப் உடைஞ்சதுக்குக்கூட எனக்குக் கோவமில்ல மேஸ்திரி. சொன்னேனா சொல்லலையான்னு ராத்திரி பூரா மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டேன். இவர்கிட்ட மன்னிப்பு வேற கேட்டேன். 'என்னம்மா சொன்னீங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நின்னு சொல்லியிருக்க மாட்டேனா?"

"கேட்டிருக்கணும்மா."

"நானும் உங்களைப் பார்த்துச் சொல்லியிருக்கணும். செருப்பைப் பார்த்துச் சொன்னேன்." பிறகு கணவர் பக்கம் திரும்பினார். பார்த்தார், அவ்வளவுதான்.

கணவர் எதையோ மென்று விழுங்கினார். உதடு அசைந்தது. மேஸ்திரிக்குத் தலை தானாக ஆட ஆரம்பித்தது. பிடித்து நிறுத்திக்கொண்டார்.

"என்ன சார் சொன்னீங்க? கேக்கல."

"உங்ககிட்ட இல்ல மேஸ்திரி."

"இல்ல சார், வேலை விஷயமா இருந்தா..."

கணவர் வேறு வழியில்லாமல் குரலை உயர்த்தினார். "தப்பா பேசிட்டேன், மன்னிச்சுக்கோன்னு இவகிட்ட சொன்னேன்!"

"எனக்கும் முதல்ல சரியா கேக்கல" என்றார் அந்த அம்மா. "இப்பக் கேட்டுச்சு."

குழாய்க்காரர் வந்து பைப்பைச் சரிசெய்ய, குளியலறை வேலை ஒழுங்காக முடிந்தது. அதற்குப் பின் மேஸ்திரி எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் பேச்சாக, "எனக்குக் காது மந்தம். முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க" என்கிறார். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். பழைய வாடிக்கை ஒன்று அப்படியே கைவிட்டுப் போனது; அதில் அவருக்கு வருத்தம்தான். வேலை கொடுப்பவர்களிடம், "டைல்ஸ் சாம்பல் கலருங்களா, சந்தனக் கலருங்களா?" என்று ஒன்றுக்கு இரண்டாகக் கேட்டுக்கொண்டுதான் சிமெண்ட் மூட்டையைப் பிரிக்கிறார். மைத்துனனுக்குப் பொறுமை போய்விடுகிறது.

"ஒரு கலரைக் கேக்கறதுக்கு இவ்வளவு நேரமா மாமா?" என்று வெளியே வந்து அலுத்துக்கொள்கிறான்.

"என்ன சொன்னே? இந்தப் பக்கம் வந்து சொல்லு" என்கிறார் மேஸ்திரி.