கடைசல் பட்டறைக்கு வரும் நாரை

திரியாவ்னா ஊரில் மரம் கடையும் எங்கள் கடைசல் பட்டறைக்கு ஒவ்வொரு மார்ச் முதல் தேதியும் காலை ஆறே முக்காலுக்கு ஒரு செங்கால் நாரை வந்துவிடுகிறது. பனி முழங்காலளவு கிடந்தாலும் வரும். ஊரில் மற்றவர்கள் நாரையைப் பார்க்க மாதக் கடைசிவரை காத்திருக்கிறார்கள். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இது 1968இல் ஆரம்பித்தது. மார்ச் பிறந்தால் எல்லார் மணிக்கட்டிலும் சிவப்பும் வெள்ளையுமாய்ப் பின்னிய நூல் ஏறிவிடும். முதல் நாரையைக் கண்ணால் பார்க்காமல் அதை அவிழ்த்தால் வீட்டுக்கு ஆகாது. அவிழ்க்காமல் சுழலும் லேத்துக்கு முன்னால் நின்றால் கைக்கு ஆகாது. மேஸ்திரி வெலிகா இரண்டாவதைத்தான் நம்பினாள். தொளதொள சட்டைக் கை, கையுறை, மோதிரம், அவிழ்ந்த கூந்தல் எதற்கும் அவளிடம் இடமில்லை; நூல்களை மாட்டவென்றே வாசலில் ஓர் ஆணி அடித்திருந்தாள். எல்லாரும் முனகிக்கொண்டே மாட்டினோம். நாற்காலிக் கால் கடையும் நெத்யால்கோ மட்டும் மாட்டவில்லை.

"முடியாதுக்கா. ரெண்டு புள்ள வயித்துலயே போச்சு. மூணாவதுக்காக எம் பொண்டாட்டி கின்கா தன் கையால கட்டிவிட்டிருக்கா. நாரையப் பாக்காம அவுத்தேன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."

"நாரை வருஷா வருஷம் வரும்டா. கை வராது. இதப் பாரு," என்று வெலிகா விரலில்லாத இடத்தைக் காட்டினாள். "மோதிரத்தோட போச்சு. மோதிரம் மட்டும் கெடச்சுது."

நெத்யால்கோ தலையாட்டினான். ஆட்டிவிட்டு, நூலைச் சட்டைக் கைக்குள் மறைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டான். ஒன்பதாம் தேதி காலை பொத்தான் அறுந்தது. நூலின் ஒரு நுனியை லேத் பிடித்துக்கொண்டது. கை இழுபட்டுப் போய், சுழலும் கட்டைக்கு நாலு விரற்கடை தள்ளி நின்றது. ஏன் நின்றது என்று பார்த்தால், முடிச்சின் இன்னொரு நுனி ஜன்னல் வழியாகத் தெற்கே, மலைக்கு மேலே விறைப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

வெலிகா சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மின்சாரம் நின்றது, லேத் நிற்கவில்லை. அவள் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"வெட்டாதக்கா! புள்ளக்கா!"

வெலிகா வெட்டவில்லை. நெத்யால்கோவின் இடுப்பை ஒரு கையால் கட்டிக்கொண்டு, கத்தரிக்கோலை நூலில் வைத்தபடியே நாற்பது நிமிஷம் நின்றாள். லேத் அவன் முடிச்சு வழியாக நூலை இழுத்துச் சுற்றிக்கொண்டே இருந்தது. முதலில் பனி ஒட்டிய நூல் வந்தது, பிறகு கடல் உப்பு ஒட்டியது, பிறகு மணல். கடைசியில் ஜன்னல் வழியாக, வால் முன்னாலும் அலகு பின்னாலுமாக, கால் கட்டுண்ட நாரை வந்து சேர்ந்தது. லேத்தின்மேல் ஏறி நின்று எங்கள் எல்லாரையும் முறைத்தது.

நெத்யால்கோ அதை நன்றாகப் பார்த்தான். "இப்ப வெட்டுக்கா."

வெட்டினாள். லேத் நின்றது.

ஜூனில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ நூறு கிராம், நல்ல தொண்டை. சேதி வந்தபோது வெலிகா கண்ணில் மரத்தூள் விழுந்துவிட்டது என்றாள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மறுவருஷத்திலிருந்து நாரை தானாகவே வந்துவிடுகிறது. இழுத்துவரப்படுவதைவிட இது மேல் என்று முடிவு செய்திருக்க வேண்டும். ஒருமுறை பாதுகாப்பு ஆய்வாளர் வந்து, லேத் பக்கத்தில் நிற்கும் நாரைக்கு ஏன் கண்ணாடி இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். வாங்கிக் கொடுத்தோம்.

நெத்யால்கோவின் லேத்தில் இப்போது அவன் மகள் வேலை செய்கிறாள். மார்ச் முதல் தேதி காலை அவள் நாரையைப் பார்க்கிறாள், அம்மா கட்டிய நூலை அவிழ்த்து ஆணியில் மாட்டுகிறாள், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொள்கிறாள், கட்டையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு சுவிட்சைப் போடுகிறாள். கடைசி நூலும் ஆணிக்கு வந்தபிறகு நாரை தெற்கே திரும்பிப் போகிறது.